தெருவிலிருந்து பார்த்தால்

பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் வீடு.
அரண்மனை மதிலில் இருந்து எழுபத்திரண்டு மீட்டர்.
நான் அளக்கவில்லை.
இரண்டு பேர் நாடாவோடு வந்து
டெல்பினை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி
அளந்துவிட்டுப் போனார்கள்.
இந்தத் தூரத்துக்குள் இருந்தால்
ஓட்டைத் தொட அனுமதி வேண்டுமாம்.

பங்குனிக் காற்றில் ஒன்று பெயர்ந்து
அரிசிப் பானைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.
அடிப்புறத்தில் மீன் முத்திரை.
கழுவித் துடைத்து
மனுவோடு கொண்டுபோனேன்.
"ஓய், இணைப்புன்னா தாளுல வேணும்"
என்றார் எழுத்தர் எட்வின்ராஜ்.
ஜெராக்ஸ் கடையில் ஓட்டைக் கண்ணாடிமேல் வைத்து
மூடியை இரண்டு பேர் அமுக்கினோம்.
கறுப்புத் தாளில் வெள்ளையாய் ஒரு மீன்.
இணைப்பு நான்கு.

நகராட்சியில் கேட்டால் அரண்மனையில் கேளும்.
அரண்மனை திருவனந்தபுரத்தின் கையில்.
அது நிற்கும் மண் சென்னையின் கையில்.
"உம்ம வீடுதான் ரெண்டுக்கும் நடுவுல,
பாத்துக்கிடும்."

நான் கண்டக்டர். தக்கலை, களியக்காவிளை.
எல்லை வரை போய்த் திரும்புகிற வண்டி.
சில்லறை இல்லையென்றால்
டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தருவேன்.
என் மனுவின் பின்னாலும்
யாரோ எழுதிக்கொண்டே இருந்தார்கள்.
வரைபடம் இல்லை.
வரைபடம் உண்டு, சரிவு குறிக்கவில்லை.
சரிவு உண்டு, அதுதான் பழைய சரிவு
என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஜெஸ்லினின் ஞானஸ்நான ஆல்பத்தைப் புரட்டினோம்.
ஒரு படத்தில்
கொச்சப்பனின் குடைக்கு மேலே பாதிக் கூரை.
நடுவில் வெள்ளை உடுப்பில் அழும் பிள்ளையை விட்டுவிட்டுக்
கூரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன்.
பிள்ளைக்கு இப்போது இருபத்துமூன்று வயது,
மஸ்கட்டில் நர்ஸ்.
"என்னை வெட்டிட்டா குடுத்தீய?" என்று போனில் கேட்டாள்.
இல்லை மக்களே,
நீயும் இணைப்பு ஏழில் இருக்கிறாய்.

அதற்குள் எடவப்பாதி.
நீலத் தார்ப்பாய் வாங்கி விரித்துக் கட்டினேன்.
ஒன்பதாம் நாள் கடிதம்:
நீல நிறம் இப்பகுதியின் தன்மைக்கு ஒவ்வாது.
கறுப்பு வாங்கி மாற்றினேன்.
கடிதம் வரவில்லை.
கறுப்பு ஒவ்வும் என்று வைத்துக்கொண்டோம்.

ஐப்பசியில் அவர் வந்தார். பிரசன்னகுமாரி,
திருவனந்தபுரத்து வண்டியில், கோப்போடு.
ஏணி கேட்டார்.
செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகி
மேலே போய்விட்டார்.
கழுக்கோலைத் தட்டினார், பட்டியலைத் தட்டினார்,
நகத்தால் சுரண்டி
முகர்ந்து பார்த்தார்.
"இது பிலாவு இல்லை, அயினி" என்றார் மேலிருந்தே,
பாதி மலையாளத்தில், சந்தோஷமாக.
அரைமணி நேரம் இறங்கவில்லை.
ஏழு மாதத்தில் முதல்முறையாக
ஒருவர் என் கூரையைத் தாளில் அல்லாமல் பார்க்கிறார்.
எனக்கு என்னவோ தொண்டை அடைத்தது.
சாயா குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.
முடியில் ஒட்டிய ஒட்டடையைத் தட்டாமலே
கோப்பில் எழுதினார்.

அனுமதி வந்தது.
"தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் பகுதிக்கு
அதே ஓடு, அதே சரிவு, அதே நிறம்.
தெரியாத பகுதிக்கு ஆட்சேபணை இல்லை."

நாகர்கோவிலில் இடித்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஓடு,
ஒன்று முப்பத்தெட்டு ரூபாய்.
எத்தனை தடவை கூட்டினாலும்
தெருவுக்கு மட்டும்தான் காசு இருந்தது.
பின்பக்கம் தகரம்.

இப்போது மழை பெய்தால்
முன்னறையில், அடுத்த வீட்டில் யாரோ பேசுவது போல.
அடுக்களையில்
ஒரு முழு நடையின் சில்லறையையும்
ஒரே நேரத்தில் கொட்டினது போல.
டெல்பின் கையில் கரண்டியோடு
இரண்டுக்கும் நடுவில் நிலைப்படியில் நின்று
போனில் கத்துகிறாள்:
கேக்குதா?
இல்ல, நில்லு, அந்தப் பக்கம் போறேன்.
இப்ப?